சினை ஊசிக்கு நேரம் பார்ப்பது எப்படி?

ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கங்களில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில், ஒரு பருவம் (பசு காளையை ஏற்கத் தயாராகும் நேரம்) தவறினால் ஏறத்தாழ 21 நாள் தீவனச் செலவு பலனின்றிப் போகிறது. சினை நிற்கவில்லை என்றதும் விந்தின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன், சினை ஊசி, அதாவது விந்தைக் கருப்பையில் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல், போட்ட நேரம் சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மற்றொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பதே பருவத்தின் ஐயமற்ற அறிகுறி. கட்டுத்தறியில் தனியாக நிற்கும் பசுவிடம் அதைக் காண வழியில்லை என்பதால், அடிக்கடி கத்துவது, தீவனத்தில் நாட்டமின்மை, பால் குறைவது, பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போல் தெளிவாக, அறுபடாமல் திரவம் தொங்குவது ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இவையும் மங்கிவிடும். பல பசுக்களிடம் இரவிலும் விடியலிலும்தான் தென்படும். ஆகவே படுக்கப் போகுமுன் ஒருமுறையும் காலைக் கறவைக்கு முன் ஒருமுறையும், பசு படுத்திருந்த தரையையும் அதன் வாலையும் டார்ச் அடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பருவம் முடிந்து சுமார் 10 முதல் 14 மணி நேரத்தில்தான் கருமுட்டை வெளிப்படுகிறது. எனவே காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொருத்தம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்போர், ஊசி போடும் ஆள் வந்து சேரும் நேரத்தையும் கணக்கிட்டு, அறிகுறி கண்டவுடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

உறைவிந்துக் குச்சியை (உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழலை) 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் துடைத்து, வெயில் படாமல் உடனே பயன்படுத்துகிறார்களா என்று அருகில் நின்று கவனிப்பது உங்கள் உரிமை. குச்சியில் உள்ள காளை எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள்.

பருவத்துக்கு இரண்டொரு நாள் கழித்துச் சிறிது இரத்தம் கசிந்தால் அஞ்ச வேண்டாம். பருவம் கடந்துவிட்டது என்பதையே அது காட்டுகிறது. மீண்டும் பருவம் வராததை மட்டும் நம்பாமல், 60 முதல் 90 நாட்களுக்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மூன்று முறை போட்டும் நிற்காத பசுவுக்கு நான்காவது ஊசியைத் தேடாமல், கருப்பையில் தொற்று உள்ளதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.