ஏரியா எப்படி? திருநெல்வேலியில் குடிபோகும் முன் பார்க்க வேண்டியவை

பெருமாள்புரத்திலோ கே.டி.சி. நகரிலோ வாடகைக்கு வீடு பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர் எப்படி என்பது. அடுத்தது ஏரியா எப்படி, களவு பயம் உண்டா என்பது. தண்ணீருக்கு நேரான பதில் கிடைக்கும். ஏரியாவைப் பற்றிக் கேட்டால் புரோக்கர், வீட்டுக்காரர், எதிர்வீட்டு ஆச்சி எல்லாருமே "நல்ல ஏரியாதான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் நாமேதான் பார்த்தாக வேண்டும். ஒரு வாரம் ஒதுக்கினால் முடிகிற வேலை.

எதைப் பார்ப்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அந்த மாதிரிச் செய்திதான் ஊரின் பெயரைத் தீர்மானிக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துக் கொலைகள் பெரும்பாலும் முன்பகை, நிலத் தகராறு, குடும்பச் சண்டை, சாதிப் பகை என்று ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள் நடப்பவை. புதிதாகக் குடிவரும் குடும்பத்தின் கதவைத் தட்டுவது வேறு: பூட்டிய வீட்டில் களவு, பைக் திருட்டு, செயின் பறிப்பு, போனில் வரும் பண மோசடி. கொலைச் செய்தியை வைத்துத் தெருவை எடைபோட்டால் பயம் ஒரு பக்கமும் பூட்டு வேறு பக்கமும் போய்விடும்.

எண்களைப் படிக்கும் விதம்

வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வரும் நிலையங்கள் தனி, மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ் வருபவை தனி. ஊர் ஓரத்து லேஅவுட்களில் தெருவுக்குத் தெரு இது மாறும். மாநகராட்சி வார்டு எல்லையும் காவல் நிலைய எல்லையும் ஒன்றல்ல. விளம்பரத்தில் 'பாளை' என்று போட்டிருந்தால் பாளையங்கோட்டை நிலையம் என்று முடிவு கட்டாதீர்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகள் அங்கே வராது. தேடும்போது 'திருநெல்வேலி', 'திருநெல்வேலி மாநகரம்' இரண்டும் தனித்தனி மாவட்டமாக இருக்கும். ஒன்றில் நிலையத்தின் பெயர் இல்லையென்றால் மற்றதில் பாருங்கள்.

குற்ற எண் ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஏறும். நவம்பரில் 410 என்றால் அந்த நிலையத்தில் அந்த ஆண்டில் அதுவரை 410 வழக்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் மிரண்டுபோகிறவர்கள் உண்டு, தேவையில்லை. சாலை விபத்து (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 281, 125, 106), காணாமல் போனவர், சந்தேக மரணம் (புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 194), மது, குட்கா, சூதாட்டம் எல்லாம் அந்த வரிசையில்தான் வரும். மதுவும் குட்காவும் போலீஸ் தேடிப் போய்ப் பிடித்தால்தான் வழக்காகும். அந்த எண்ணிக்கை கூடினால் அந்த நிலையம் வேலை பார்க்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். 296(b), 115(2), 351 என்று மூன்றும் கோத்து வந்தால் அது வாய்ச்சண்டை முற்றிய அடிதடி, பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள்.

உங்கள் கண்ணுக்கு வேண்டியவை சில பிரிவுகள்தான். 303(2) திருட்டு, இதில் பைக்குகள் நிறைய வரும். 304 பறிப்பு. 305 வீட்டுக்குள் திருட்டு. 331(3), 331(4) பூட்டை உடைத்து நுழைவது, இரண்டாவது இரவில் நுழைவதற்கு. 309 வழிப்பறி. கடந்த 6 மாதத்தில் இவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிக்கையிலேயே சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று ஒரு பத்தி உண்டு. 'தெற்கே 2 கி.மீ.' என்று இருப்பதை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் நீங்கள் பார்க்கும் தெரு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சம்பவ நேரத்தையும் எழுதுங்கள். 'முந்தைய நாள் காலை 10 முதல் மறுநாள் காலை 7 வரை' என்றிருந்தால் ஆள் இல்லாத வீடு. 'மாலை 6.30' என்றிருந்தால் நடைப்பயிற்சிக்கோ கோயிலுக்கோ போனவரிடம் பறித்தது.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் தென்காசி, சங்கரன்கோவில் எல்லாம் சேர்ந்திருக்கும். 'குற்றம் பாதியாகக் குறைந்தது' என்று யாராவது வரைபடம் போட்டால் அந்தக் கோடு எந்த ஆண்டில் சரிகிறது என்று பாருங்கள். 2020-ல் ஊரடங்கு, எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் பூட்டிய வீடு குறைவு. 2024 ஜூலை 1 முதல் சட்டப் பிரிவுகளே மாறின. அதற்கு முன் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379, 380, 457, 392 என்று தேட வேண்டும். செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவு இல்லாமல் 379-லோ 392-லோ கலந்து கிடந்தது. ஒரு தெருவில் 2 களவு 4 ஆனதை 'இரட்டிப்பு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே கும்பல் ஒரே ராத்திரியில் செய்த வேலையாகக்கூட இருக்கலாம். தொலைந்த போன் போன்றவை, புகாரை வாங்கியதற்குத் தரும் மனு ரசீதோடு நின்று, வழக்கு எண்ணிக்கைக்குள் வராமலே போவதும் உண்டு.

தெருவை நடந்து பார்ப்பது

ஞாயிறு காலை 10 மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான். வேலை நாளில் மதியம் 2, மாலை 7, இரவு 10, விடிகாலை 5 என்று நாலு வேளையும் நடந்து பாருங்கள். மதிய நடைதான் முக்கியம். ஆண், பெண் இருவரும் வேலைக்குப் போகிற காலனிகளில் அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆள் தட்டுப்படாது. டவுன் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில் நாலைந்து குடும்பம் ஒரே நடையைப் புழங்கும், புது ஆள் நுழைந்தால் யாராவது "யாரு வேணும்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். புது லேஅவுட்டில் சுற்றுச்சுவர் 6 அடி, இரண்டு பக்கமும் காலி மனை, அதில் ஆள் உயரத்துக்கு உடைமரம். நாற்கரச் சாலைக்கு 2 நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். களவாணிக்கும் அதே 2 நிமிடம்தான்.

மதுக்கடை பக்கத்தில் இருந்தால் அது அடைக்கிற நேரமான இரவு 10 மணிக்கு அந்த வழியாக ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்குக் கம்பங்களில் எத்தனை எரியவில்லை என்று எண்ணிக் கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மாநகராட்சியில் புகார் கொடுக்க உதவும். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூட வாசலில் மாலை 4 மணிக்கு அரை மணி நேரம் நில்லுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, மாணவர்களுக்குள் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளோடு பையன்கள் கும்பல் பிரிந்து நிற்கிறார்களா, ஆசிரியர் யாராவது வெளியே வந்து பார்க்கிறாரா என்பதே பாதி விடை.

மளிகைக்கடையில் 'பாதுகாப்பான ஏரியாவா' என்று கேட்காதீர்கள். ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, ராத்திரி எத்தன மணிக்குக் கடை அடைப்பிய?" என்று தொடங்குங்கள். பிறகு, "இந்தப் பக்கம் கடைசியா களவு போனது எப்ப?" என்று கேளுங்கள். தேதியும் வீடும் சொல்வார்; எந்தப் பக்கமாக உள்ளே வந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வார். இரவு ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் எந்த வீட்டில், எந்தக் கோயிலில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். யாருக்கும் தெரியவில்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

வீட்டைப் பார்ப்பது

வாசல் கதவு தேக்கில் இழைத்து நிற்கும். அதைப் பார்த்து மயங்காமல் நேரே புறவாசலுக்குப் போங்கள், அப்படியே மாடிப்படி ஏறுங்கள். மாடி அறைக் கதவு பெரும்பாலும் தகரம் அல்லது பிளைவுட், ஒரே ஒரு தாழ்ப்பாள். பக்கத்து மாடியிலிருந்து தாவி வந்தால் ஒரு உதைக்குத் தாங்காது. அந்தக் கதவுக்கு வெளியே ஒரு கம்பிக் கதவு போட்டுத் தரச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். கொடுத்த பிறகு பேசினால் நடக்காது.

பூட்டைவிட நாதாங்கியைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் பூட்டு, முக்கால் அங்குலத் திருகாணி நாலில் நிற்கும் கொண்டியில் தொங்கிக்கொண்டிருக்கும். கடப்பாரையை இடுக்கில் செருகி நெம்பினால் பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு தரையில் விழும். உடைந்த வீடுகளில் காணக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். திருகாணிக்குப் பதிலாக 8 மி.மீ. போல்ட்டைக் கதவை ஊடுருவிப் போட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் முடுக்குங்கள். வெளித்தலை உருண்டையாக, ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காததாக இருக்கட்டும். நிலையில் அடிக்கும் தகட்டுக்கு 3 அங்குலத் திருகாணி. ஜன்னல் கம்பி வெளியிலிருந்து திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் திருகாணித் தலைகளில் ஒரு புள்ளி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெளியே தொங்கும் பூட்டு 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு என்றால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஆள் இருப்பதும் இல்லாததும் தெரியாது.

கேமராவை 15 அடி உயரத்தில் மாட்டினால் தலைமுடிதான் பதியும். 8 அல்லது 9 அடி போதும். கிழக்கு பார்த்து வைத்தால் காலை வெயிலில் படம் வெளுத்துவிடும். 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி ஆகும். நாலு கேமராவும் 1 டிபி வட்டும் என்றால் 11 நாள்தான் தாங்கும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்து பார்த்தால் முதல் நாள்கள் அழிந்திருக்கும். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், களவாணி அதையும் தூக்கிக்கொண்டு போவான். கடிகாரம் 20 நிமிடம் தள்ளி ஓடினால் வழக்கில் அந்தப் பதிவு சிக்கலாகும். மாதம் ஒருமுறை போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

ஊருக்குப் போகும் நாள்

இந்தச் சீமையின் நாள்காட்டி களவாணிக்கும் தெரியும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது தெருவே பூட்டிக் கிடக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், தசராவுக்குக் குலசேகரப்பட்டினம், ஊர்க் கொடை, குற்றாலம் சீசன் என்று வரிசையாக வரும். வீட்டைப் பூட்டிப் போகும் தேதிகளைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வாசலில் கோலம் இல்லாததுதான் எல்லாவற்றையும்விட உரக்கச் சொல்லும். பக்கத்து வீட்டு மதினியிடம் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பகலிலும் எரிகிற பல்பு ஆள் இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். இருட்டினால் மட்டும் எரியும் சென்சார் பல்பு கடைகளில் கிடைக்கிறது. பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைக்கும் வழக்கத்தை விடுங்கள். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். அங்கே திருட்டோ தீயோ ஏற்பட்டு வங்கி பொறுப்பாக வேண்டி வந்தால் அதன் உச்சவரம்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வீட்டில் வைக்கும் நகையாக இருந்தால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எடையோடும் ரசீதோடும் வேறிடத்தில் வையுங்கள்.

டவுன் ரத வீதிகளில் ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்குள் போகும்போது செயினைச் சேலையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். தெருவில் வாகனம் எதிரே வரும் ஓரமாக நடங்கள், பின்னாலிருந்து வரும் பைக்குக்குத் தோள் கொடுக்காதீர்கள்.

களவு போய்விட்டால்

பூட்டு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள், உள்ளே ஆள் இருக்கலாம். 100 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். செய்தி கேட்டு வரும் சொந்தபந்தம் எல்லாரும் பீரோவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனால் கைரேகை எடுக்க வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. யாரையும் நடைக்குள் விடாமல் தெருவிலேயே நிறுத்துங்கள். சிதறிய துணிகளை மடித்து வைக்கவும் வேண்டாம்.

புகாரை எழுதி இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். வீட்டை எப்போது பூட்டினீர்கள், எப்போது திறந்தீர்கள், என்னென்ன போயிற்று, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். 'சுமார் 20 பவுன்' என்று எழுதினால் நகை பிடிபடும்போது எது உங்களுடையது என்று நிறுவ முடியாது. போகாத நகையைச் சேர்த்து எழுதுவது அதைவிட மோசம். பிடிபட்டவன் சொல்லும் கணக்கும் உங்கள் கணக்கும் மோதும். எல்லை வேறு என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. இணையத்தில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மனு ரசீது மட்டும் கொடுத்தால் அது வழக்கு ஆகாது. குற்ற எண்ணுடன் முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள், அது இலவசம். பதிய மறுத்தால் அதே புகாரை மாநகரத்தில் ஆணையருக்கோ புறநகரில் கண்காணிப்பாளருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். தபால் ரசீது அங்கே தேவைப்படும்.

பைக் போயிருந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். செயின் பறிக்க அந்த வண்டியே பயன்பட்டால் பதிவெண்ணை வைத்துப் போலீஸ் முதலில் வருவது உங்கள் வாசலுக்குத்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே எழுதிவிடுங்கள், பிறகு 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றையும் கேட்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் நிலையத்துக்கு நடக்கும் முன்பே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.