தவணை இலக்கை எப்படி எழுதுவது?

திருகோணமலையின் ஆரம்பப் பாடசாலைகளில் தவணை இலக்கு வகுக்கும் ஆசிரியர்கள், "வாசிப்பை மேம்படுத்தல்" என்று பொதுப்பட எழுதுவதைத் தவிர்த்து, தரம் 3 மாணவர் ஒவ்வொருவரையும் முன்பு பார்த்திராத ஒரு பந்தியைத் தனித்தனியே வாசிக்கச் செய்து, எழுத்தில் தடுமாறுவோர், சொல்லளவில் வாசிப்போர், பொருள் விளங்கி வாசிப்போர் எனப் பிரித்தறிந்த பின்னரே, "சொல்லளவில் நிற்கும் 12 பேரில் 8 பேர் தவணை முடிவில் பந்தியைப் பொருளுணர்ந்து வாசிப்பர்" என்பதுபோல் எழுதுவது நன்று. வகுப்புச் சராசரி இதற்கு உதவாது. கெட்டிக்கார மாணவர் சிலரே அதனை உயர்த்திக் காட்டிவிடுவர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வினாத்தாள்களை இவ்வயதிலேயே திணிப்பதும் இலக்காகாது என்பது என் கருத்து. வடகீழ்ப் பருவமழை ஆண்டிறுதியில் மாணவர் வரவைக் குறைக்கக்கூடுமாதலால், கடினமான இலக்கை இரண்டாம் தவணையிலேயே வைத்து, தவணையின் நடுவில் அதே அளவு கடினமான வேறொரு பந்தியைக் கொடுத்து மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.