கொட்டாங்குச்சிக் கரி மின்முனை: எங்கே பிசகுகிறோம்

இந்த ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த இருவரும் கொட்டாங்குச்சிக் கரியில் மின்முனை செய்து, கார்பன் டை ஆக்சைடை ஃபார்மேட்டாகவும் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) ஆல்கஹாலாகவும் மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டைப் புரட்டினால் ஆறு வருடத்துக்கு முந்தைய என் நோட்டையே படிப்பதுபோல இருக்கிறது. குடுவை கழுவுவது, கிளிப்பை இறுக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பாக இருப்பதெல்லாம் மின்சாரம் கடத்தாது

500 டிகிரியில் சுட்ட கரியும் 900 டிகிரியில் சுட்ட கரியும் பார்வைக்கு ஒன்றுதான். பொடியை இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். கரிச்சூளையில் வாங்கியதை அப்படியே அரைத்துப் பூசாதீர்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் 800 முதல் 900 டிகிரி வரை மறுபடியும் சுட வேண்டும்.

சாம்பல்

கொட்டாங்குச்சிக்குப் பதிலாக நெல் உமியை எடுத்தால் கவனம்: உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. காரத்தில் கொதிக்கவைத்து அதை எடுக்காவிட்டால் நீங்கள் பூசுவதில் பாதி மணல்தான். கொட்டாங்குச்சியில் சாம்பல் மிகக் குறைவு. ஆனால் பொட்டாசியம் உண்டு, கொஞ்சம் இரும்பும் உண்டு. அரைக்கும் எஃகுக் குண்டுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் இரும்பு சேரும். நைட்ரஜன் ஏற்றிய கரியில் இரும்பு அணுக்கள் தனித்தனியாக உட்கார்ந்தாலே கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கிவிடும். அமிலத்தில் கழுவி, மிச்சமிருக்கும் உலோகத்தை அளந்து பார்க்காமல் ‘உலோகமற்ற வினையூக்கி’ என்று எழுதுவது பொய்.

எதிர்முனையில் பிளாட்டினம்

கரி மின்முனைக்கு எதிரே சுற்றை முடிக்கும் முனையில் பிளாட்டினம் வேண்டாம். கரைந்து வந்து உங்கள் கரியில் படியும், பிறகு வருவதெல்லாம் தண்ணீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன்தான்.

அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது?

என்னுடைய எட்டு மாதத்தைத் தின்ற தவறு இது. இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கரிப்பொடியை ஐசோபுரொப்பனாலில் கலந்து, பொடியை ஒட்டவைக்க இரண்டு சொட்டு நாஃபியான் பாலிமர் விட்டு மை தயாரித்தேன். கார்பன் தாளில் பூசி, ஹேர் டிரையரால் பத்து நிமிடம் காயவைத்தேன். தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நம்பினேன். ஒரு மணி நேரம் மின்சாரம் செலுத்திவிட்டுக் கரைசலை என்.எம்.ஆரில் (மூலக்கூறுகளை அவற்றின் சிகரம் வரும் இடத்தை வைத்து அடையாளம் காட்டும் கருவி) வைத்தபோது 1.17 பிபிஎம்-இல் அழகான சிகரம். எத்தனாலின் மெத்தில் சிகரம் வரும் இடம் அதுவேதான். நோட்டில் எத்தனால் என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன்.

ஐசோபுரொப்பனாலும் அதே 1.17-இல்தான் வரும். எத்தனால் என்றால் மூன்றாகப் பிரிந்திருக்கும், ஐசோபுரொப்பனால் என்றால் இரண்டாக. நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. எத்தனாலுக்கு 3.65-இல் இன்னொரு சிகரம் இருந்தாக வேண்டும். அதையும் தேடவில்லை.

இதில் எவ்வளவு சிறிய அழுக்கு எவ்வளவு பெரிய கணக்காகிறது என்று பாருங்கள். 1 மில்லிஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினால் 3.6 கூலும் மின்னூட்டம். ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும்; ஆக 1 மைக்ரோமோல் எத்தனால் என்றாலே 1.16 கூலும், அதாவது 32 சதவீத ஃபாரடே திறன் (செலுத்திய மின்னூட்டத்தில் அந்த விளைபொருளுக்குப் போன பங்கு). ஐசோபுரொப்பனாலில் மெத்தில் தொகுதி இரண்டு இருப்பதால் அதில் பாதியளவே போதும்: கரித்துளைகளில் தங்கிய 30 மைக்ரோகிராம் எனக்கு 32 சதவீதத்தைக் காட்டிவிடும். ஹைட்ரஜனையும் அளந்து கூட்டியிருந்தால் மொத்தம் 100-ஐத் தாண்டியிருக்கும். அளக்கவில்லை.

அடுத்தடுத்த ஓட்டத்தில் ‘எத்தனால்’ குறைந்துகொண்டே வந்தது. துளைகளிலிருந்து ஆல்கஹால் கழுவிப் போய்க்கொண்டிருந்தது. நானோ வினையூக்கி செயலிழக்கிறது என்று முடிவுகட்டி, அதற்கு மருந்து தேடி நான்கு மாதம் அலைந்தேன். ஒரு நாள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோய், சும்மா இருக்க வேண்டாமே என்று, கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவில் ஓட்டினேன். அதே சிகரம், அதே உயரம்.

உலோக மின்முனைக்காரர்களை விட நமக்கு இதில் ஆபத்து அதிகம். நம் மின்முனையே கார்பன், பிணைப்பியும் கார்பன், மையும் கார்பன். ஒளிவினையூக்கத்தில் இருப்பவர்கள் 2010-இலேயே இதைக் கண்டார்கள்: தாமிரம் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான ஐசோடோப்பு) உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தபோது, வந்த கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் சாதாரணக் கார்பன்-12.

அதனால் மையை வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க வையுங்கள். முதல் ஓட்டம் ஆர்கானில் இருக்கட்டும். பிறகு மின்னூட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். விளைபொருளும் இரட்டிப்பாகாவிட்டால் சந்தேகப்படுங்கள். கடைசியில் கார்பன்-13. வாயுவை மட்டும் மாற்றினால் போதாது, கரைசலின் பைகார்பனேட்டும் வாயுவும் கார்பனைப் பரிமாறிக்கொள்ளும். பைகார்பனேட்டையும் கார்பன்-13-ஆகவே வாங்குங்கள். ஃபார்மேட் நிஜமாகவே வாயுவிலிருந்து வந்திருந்தால் 8.44-இல் நிற்கும் ஒற்றைச் சிகரம் 195 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளக்கும். விலை அதிகம்தான். எட்டு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பிஹெச்

0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டில் வாயு நிறைந்த பிறகு பிஹெச் 6.8. மின்னழுத்தத்தை ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு மாற்றும்போது, புட்டியைத் திறந்தவுடன் அளந்த 8.3-ஐக் கணக்கில் போட்டால் உங்கள் மின்னழுத்தம் 90 மில்லிவோல்ட் தப்பு.