வேலூர் வழிப் போகும் ஒளியை விழுப்புரம் வழியாகத் திருப்புவது எப்படி

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது ஃபைபர் கேபிளை இடம் மாற்றச் சொல்லிக் கடிதம் வரும். ஃபைபரை வெட்டி, புதிய கேபிளோடு ஒட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அந்த வழியில் ஓடும் தரவு டிராஃபிக்கை வேறு பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சென்னையில் ஒரு தொலைத்தொடர்பு டிரான்ஸ்போர்ட் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்க்கும் எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வேலூர் வழியாகப் பெங்களூரு. அங்கிருந்து சேலம், விழுப்புரம் வழியாகத் திரும்பச் சென்னை. ஃபைபர் சாலையை விட நீளமாகத்தான் ஓடும். வேலூர் வழி 400 கி.மீ., அதாவது 80 கி.மீ. வீதம் 5 ஸ்பான் (ஒளிக்கு வலுவூட்டும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடைப்பட்ட ஃபைபர்த் துண்டு); விழுப்புரம் வழி 640 கி.மீ., 8 ஸ்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வழியாகப் போகும் ஒரு லாம்டாவை, அதாவது ஓர் அலைநீளத்தை, விழுப்புரம் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் அலைநீளங்களை வழிமாற்றும் ரோடம் என்ற பெட்டி இருக்கும்; அதற்குள் திருப்பும் வேலையைச் செய்வது டபிள்யூ.எஸ்.எஸ். (அலைநீளம் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) கார்டு. ஃபைபரில் கலந்து வரும் ஒளி ஒரு கிரேட்டிங்கில் பட்டு அலைநீளம் வாரியாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொரு கீற்றும் ஒரு திரவப் படிகச் சில்லின் தனித்தனிப் பகுதியில் விழும். அந்தப் பகுதிக்குத் தரும் மின்னழுத்தத்தை மாற்றினால் கீற்று திரும்பும் கோணம் மாறி, வேறு போர்ட்டுக்குள் போகும். போர்ட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கி விட்டால் ஒளியின் வலிமை குறையும். ஆக, எந்த வழி என்பதையும் எவ்வளவு வலிமை என்பதையும் ஒரே கார்டு பார்த்துக்கொள்கிறது. ஒளி எங்கும் மின்சாரமாக மாறுவதில்லை. அதனாலேயே, கிளம்பிய அலைநீளத்திலேயே அது போய்ச் சேர வேண்டும். நடுவழியில் மாற்றிக்கொள்ள முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் டிரான்ஸ்பாண்டர், அதாவது தரவை ஒரு லாம்டாவாக மாற்றி அனுப்பும் லேசர் கார்டு, எதில் செருகப்பட்டிருக்கிறது என்பது. பழைய வகை மக்ஸில் (பல லாம்டாக்களை ஒரே ஃபைபரில் சேர்க்கும் பெட்டி) ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நிறம், அதாவது ஓர் அலைநீளம், ஒரு திசை என்று நிரந்தரமாக இருக்கும். அப்படியானால் அறையில் உட்கார்ந்துகொண்டு திருப்ப முடியாது. சென்னையிலும் பெங்களூருவிலும் ஆள் நின்று பேட்ச் கார்டை (பெட்டிகளை இணைக்கும் குட்டை ஃபைபர்) மாற்ற வேண்டும். எந்த நிறமும் எந்தத் திசையும் போகக்கூடிய ஆட்-டிராப் (லாம்டாவை ஏற்றி இறக்கும் பகுதி) இருந்தால் மென்பொருளிலேயே முடியும்.

அடுத்தது நிறம். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சி-பேண்ட் என்ற அலைநீளப் பட்டையில் 96 சேனல்கள், அதாவது 96 லாம்டாக்கள், வைக்கலாம். நம்முடைய சேனல் 193.1 டெராஹெர்ட்ஸ், அதாவது 1552.52 நானோமீட்டர் என்றால், சென்னை–விழுப்புரம், விழுப்புரம்–சேலம், சேலம்–பெங்களூரு ஆகிய 3 பகுதிகளிலும் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். சேலம்–பெங்களூருவில் மட்டும் வேறு யாரோ அதில் ஓடினால்கூட வழி அடைபட்டது. அப்போது 3 பகுதிகளிலும் பொதுவாகக் காலியாக உள்ள ஒரு நிறத்தைத் தேடி, இரு முனை லேசர்களையும் அதற்கு மாற்ற வேண்டும். 400ஜி (நொடிக்கு 400 கிகாபிட்) சேனலுக்கு 75 கிகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படும் என்றால், அது தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். அங்கே 50, இங்கே 50 என்று துண்டு துண்டாகக் கிடப்பது உதவாது.

இனி கணக்கு. பலரும் இதைக் கருவியிடம் விட்டுவிடுகிறார்கள். நான் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ராத்திரி 2 மணிக்குத் திரையில் வரும் எண் சரியா தவறா என்று சொல்ல இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். கி.மீ.க்கு 0.25 டிபி (டெசிபெல்) இழப்பு என்றால் 80 கி.மீ. ஸ்பானுக்கு 20 டிபி. சேனலுக்கு 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட் வலிமையில் அனுப்புகிறோம். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் எண் 5.5 டிபி. 58 என்பது இந்தக் கணக்கில் மாறாத எண்; அதிலிருந்து 20-ஐயும் 5.5-ஐயும் கழியுங்கள்: 32.5. அதிலிருந்து ஸ்பான்களின் எண்ணிக்கைக்கான டிபியைக் கழியுங்கள். 5 ஸ்பானுக்கு 7 டிபி, 8 ஸ்பானுக்கு 9 டிபி. வேலூர் வழியில் ஓ.எஸ்.என்.ஆர்., அதாவது இரைச்சலை விட ஒளி எவ்வளவு வலிமை என்ற அளவு, 25.5; விழுப்புரம் வழியில் 23.5.

2 டிபிதான் வித்தியாசம். கியூ.பி.எஸ்.கே. என்ற எளிய குறியேற்ற முறையில் ஓடும் 100ஜி கார்டுக்கு 13, 14 டிபி இருந்தாலே போதும்; அது கவலையில்லாமல் ஓடும். 16 க்வாம் என்ற நெருக்கமான குறியேற்ற முறையில் ஓடும் 400ஜி கார்டு 22 டிபி கேட்டால், வேலூர் வழியில் கையில் 3.5 டிபி மிச்சம். விழுப்புரம் வழியில் 1.5தான். அதோடு, வழியில் உள்ள ஒவ்வொரு டபிள்யூ.எஸ்.எஸ்.ஸும் சேனலின் இரு ஓரங்களையும் கொஞ்சம் சீவிவிடும். சேலம், விழுப்புரம் என்று இரண்டு இடைநிலை ஊர்கள் இருப்பதால் அந்த இழப்பும் சேரும். 3 டிபிக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் நான் 400ஜியைத் திருப்ப மாட்டேன். கார்டு அனுமதித்தால் அன்றிரவுக்கு வேகத்தை 200ஜி ஆகக் குறைத்து அனுப்புவேன். பாதி வேகத்தில் நிம்மதியாக ஓடுவது எவ்வளவோ மேல்.

வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுங்கள். ஃபைபரில் ஒளிக்குக் கி.மீ.க்கு சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். 240 கி.மீ. கூடுவதால் ஒரு பக்கத்துக்கு 1.2 மில்லிவினாடி, போய்வர 2.4. வீடியோ பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டு தரவு மையங்களுக்கிடையே நொடிக்கு நொடி நகலெடுக்கும் வங்கிக்குத் தெரியும்.

சரி, ராத்திரி வேலை. தொடங்குவதற்கு முன் இரு முனைகளிலும் சேனல் வலிமை, ஓ.எஸ்.என்.ஆர்., பிழைதிருத்தத்துக்கு முந்தைய பிழை விகிதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வழியில் ஏற்கெனவே ஓடும் சேனல்களுக்கும் இதையே செய்யுங்கள்; அவர்கள் எதுவும் கேட்காமல் இருக்கும் அயலார், அவர்களுக்கு நம்மால் தொல்லை வரக்கூடாது. எங்காவது பேட்ச் கார்டு மாற்றியிருந்தால், "அண்ணே, துடைச்சுட்டு ஸ்கோப்ல பாத்தீங்களா?" என்று கேட்காமல் மேலே போகாதீர்கள். தூசி ஒட்டிய ஒரு கனெக்டர் மேலே போட்ட கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் வெளிவாயிலில் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் வரை கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கலாம். லேசர் அணைந்ததை உறுதி செய்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். முனையை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஒரே ஜோடி டிரான்ஸ்பாண்டர் என்றால் பழைய வழியை மூடிய பிறகுதான் புதியது திறக்கும். ஆகவே சர்வீஸ் சிறிது நேரம் நிற்கும். அதற்கான அனுமதி கையில் இருக்க வேண்டும். வேலூர் பக்கம் சேனலை மூடுங்கள், ஆனால் அதன் பதிவை அழித்துவிடாதீர்கள். விழுப்புரத்திலும் சேலத்திலும் ஊடுவழி இணைப்பு (ஒளி அங்கே இறங்காமல் கடந்துபோகும் பாதை) போக, வர இரண்டு திசைக்கும் உண்டா என்று பாருங்கள். பிறகு சென்னையில் சேனலை அதிகத் தணிப்போடு திறந்து, வலிமையைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். விழுப்புரத்தில் அளவு சரியாக நின்ற பிறகு சேலம், அப்புறம் பெங்களூரு. எதிர்த் திசைக்குப் பெங்களூருவிலிருந்து அதே வரிசை.

கார்டு கீற்றைத் திருப்ப ஒரு வினாடிகூட ஆகாது. இந்த ஏற்றும் வேலைக்குத்தான் நிமிடக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தவும் கூடாது. ஆம்ப்ளிஃபயர் தன் சக்தியை எல்லாச் சேனல்களுக்கும் பங்கிட்டுத் தருகிறது. பந்தியில் பாதிப்பேர் சட்டென்று எழுந்துபோனால் மீதிப்பேர் இலையில் கூடுதலாக விழுவது மாதிரி, பல சேனல்கள் ஒரே நேரத்தில் மறைந்தால் எஞ்சியவற்றின் வலிமை எகிறும்; பல சேனல்கள் திடீரென நுழைந்தால் இருப்பவை தொய்யும். கருவி தானாகச் சரிசெய்யும் என்றாலும் அதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். பத்து சேனல்களைத் திருப்ப வேண்டுமானால் ஒன்றிரண்டாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் அயல் சேனல்களின் பிழை விகிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒளி சேர்ந்ததும் மறுபடி அளந்து, தாளில் போட்ட 23.5-உடன் ஒப்பிடுங்கள். அரை டிபி, ஒரு டிபி குறைந்தால் பரவாயில்லை. 3 டிபி குறைந்தால் எங்கோ ஒரு ஸ்பானில் இழப்பு கூடியிருக்கிறது. ஊர் ஊராக அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் டிராஃபிக்கை ஏற்றாதீர்கள். சரியாக இருந்தால் கால் மணி நேரம் பிழை விகிதத்தைக் கவனித்துவிட்டு, வேலூர் பக்கம் காத்திருக்கும் ஸ்ப்ளைசிங் குழுவுக்கு வெட்டச் சொல்லிப் போன் செய்யுங்கள். அந்த ஃபைபரில் கடைசிச் சேனலும் மூடிவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

திரும்பக் கொண்டுவருவது தானாக நடக்கும்படி வைக்காதீர்கள். ஒட்டு முடிந்து, ஃபைபரில் எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியின் படத்தில் புதிய ஒட்டுகளின் இழப்பைப் பார்த்து, அடுத்த இரவு இதே வரிசையில் கையால் திருப்புங்கள்.