அயர்லாந்து நிலக்கிழார் குடும்பங்கள்: வம்சாவளி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தந்தை வழியில் போனால் குடும்பப் பெயர் மாறாது என்று நம்பிப் பின்னோக்கிப் போவதுதான் முதல் தவறு. சொத்துக்காகப் பெயரையே மாற்றிக்கொள்வது அயர்லாந்து நிலக்கிழார்களிடம் சாதாரணம். நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் வெல்லெஸ்லி சகோதரர்களையே பாருங்கள். அவர்களுடைய தாத்தா பிறக்கும்போது ரிச்சர்ட் கோலி. மீத் மாவட்டத்தில் டாங்கன் பண்ணையை வைத்திருந்த உறவினர் காரெட் வெஸ்லிக்கு வாரிசு இல்லை. 1728இல் சொத்து கோலிக்கு வந்தது, கூடவே வெஸ்லி என்ற பெயரும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது வெல்லெஸ்லி ஆனது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் வெஸ்லிகளின் முன்னோர்களை எழுதிவைத்துவிட்டு, கோலிகளைக் கோட்டைவிடுவார்.

அடுத்தது முதற்பெயர். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர் என்பது பரவலான வழக்கம். ஆனால் வழக்கம்தான், சட்டம் அல்ல. இதை வைத்துத் தாத்தாவின் பெயரை ஊகிக்கலாம், முடிவு கட்டக் கூடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்று சகோதரர்களும் இந்த வழக்கத்தைப் பின்பற்றினால், மூன்று வீட்டு மூத்த பிள்ளைகளுக்கும் ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே வயது! குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. கில்டேர் ஃபிட்ஸ்ஜெரால்டுகளில் 8ஆவது ஏர்லும் (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்) ஜெரால்டு, 9ஆவது ஏர்லான அவர் மகனும் ஜெரால்டு. ஜெரால்டின் இன்னொரு வடிவம் காரெட்; தந்தையைக் காரெட் மோர் (பெரியவர்), மகனைக் காரெட் ஓக் (இளையவர்) என்று பிரித்துச் சொன்னதால் நாம் பிழைத்தோம்.

கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் கத்தோலிக்கப் பதிவேடுகளை மட்டும் புரட்டுவதும் தவறு. 1704ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கரின் நிலம் எல்லா மகன்களுக்கும் பிரிந்துவிடும். மூத்தவர் புராட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்து திருச்சபைக்கு மாறினால் முழுதும் அவருக்கே. எனவே ஒரு கிளை அந்தத் திருச்சபையின் பதிவேட்டில் இருக்கலாம்.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 'எல்லாம் போச்சு' என்று கைவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 1708இல் தொடங்கி, பின்னர் ஹென்ரியெட்டா தெருவுக்கு மாறிய பத்திரப் பதிவகத்தின் பதிவுகள் தப்பிவிட்டன. என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் போக வேண்டும். திருமண ஒப்பந்தம், அடமானம், குத்தகை எல்லாம் அங்கே உண்டு. மூன்று பேரின் ஆயுள்வரை என்று எழுதப்பட்ட குத்தகைகளை விடவே கூடாது. அந்த மூவர் பெரும்பாலும் குத்தகைதாரரின் பிள்ளைகள், சிலசமயம் வயதும் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்தவர்களின் உயில்களிலிருந்து வம்சாவளி ஆய்வாளர் சர் வில்லியம் பெத்தம் எடுத்துவைத்த, 1800க்கு முந்தைய வம்சக் குறிப்புகளும் பிழைத்திருக்கின்றன.

அப்புறம் தேதி. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. 1720 ஏப்ரலில் திருமணம், 1720 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்றிருந்தால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை என்று வம்பு பேச வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721.