கோடைத் தக்காளி சிவக்காமல் மஞ்சளாகப் பழுக்கிறதா?

சித்திரை, வைகாசியில் மாடித் தக்காளி ஆரஞ்சு மஞ்சளிலேயே நின்றுவிட்டால் விதையைக் குறை சொல்ல வேண்டாம். சிவப்பைத் தரும் லைக்கோபீன் நன்றாக உருவாவது சுமார் 18 முதல் 26 டிகிரி செல்சியஸில். 30-ஐத் தாண்டினால் குறையும், 32-க்கு மேல் ஏறக்குறைய நின்றுபோகும். மஞ்சள் ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் மட்டும் தொடர்ந்து சேர்வதால் பழம் மஞ்சளாகிறது. இங்கே கணக்கில் வருவது காயின் சூடு, காற்றின் சூடு அல்ல. நேர்வெயில் படும் காய் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும்.

செடிக்கு மேல் இரண்டடி உயரத்தில் 35 சத நிழல்வலை கட்டுங்கள். மாலை வெயில் அடிக்கும் மேற்குப் பக்கத்தையும் மறைக்கலாம். 75 சத வலை வேண்டாம்: வெளிச்சம் குறைந்தால் காயில் வைட்டமின் சி குறையும். குலையை மூடியிருக்கும் இலைகளைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் வெயில் பட்ட பக்கம் வெளிறிச் சுருங்கும், அந்த இடம் பிறகு சிவக்கவே சிவக்காது.

தண்ணீரில்தான் நுணுக்கம் இருக்கிறது. லேசான தாகம் பழத்துக்கு நல்லது. நீர் குறைவதால் காய் சிறுத்தாலும் சர்க்கரையும் புளிப்பும் அடர்த்தியாகும். ஆனால் பிஞ்சுப் பருவத்தில் செடியைக் காயப்போட்டால் காயின் அடிநுனி அழுகும். கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது, மண்ணில் எவ்வளவு இருந்தாலும் ஈரம் விட்டுவிட்டு வந்தால் அது போய்ச் சேராது. (முட்டை ஓட்டைக் கொட்டி இதைச் சரிசெய்ய முடியாது.) ஆகவே பிஞ்சு இருக்கும்வரை தினமும் ஒரே அளவு, காலையில். வேரடியில் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. காய்கள் முழுதாகப் பருத்து வெளிர்பச்சையான பிறகு தண்ணீரைக் கால்பங்கு குறையுங்கள். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றும் குட்டை ரகங்களுக்குத்தான் இது பொருந்தும். கொடிபோல் வளர்ந்துகொண்டே காய்க்கும் ரகத்தில் மேலே எப்போதும் பிஞ்சு இருக்கும். அங்கே குறைக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் முரட்டுத்தனமாக. பழம் இனிக்கும், மகசூல் விழும், நுனி அழுகலும் கூடும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 1000-ஐத் தாண்டினால் மழைநீரோ நல்ல தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செடிப் பையின் அடித்துளையில் நீர் வழியும்வரை ஊற்றினால் படிந்த உப்பு கழுவிப்போகும்.

பூத்த பிறகு யூரியா கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் வைட்டமின் சி குறையும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) லைக்கோபீனுக்குத் துணை. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம்.

இத்தனைக்கும் மேல் வெயில் 38, 40 என்று ஏறினால் செடியிலேயே பழுக்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் லேசாக ரோஸ் நிறம் கண்டதும், காய் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பறித்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பழுக்காத காயை ஃபிரிட்ஜில் வைத்தால் நிறமும் மணமும் கெடும். மஞ்சளாகவே பழுத்தவற்றையும் எறிய வேண்டாம். எண்ணெய் விட்டு வதக்கித் தொக்காக்கினால் அதிலுள்ள கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும்.