கிஃப்டட் ப்ரோக்ராம் அட்மிஷனா? மொதல்ல அந்த ஸ்கோர் ரிப்போர்ட்ட படிக்கப் பழகிக்கோங்க

கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னு ஸ்கூல் தனியா நடத்தறதுதான் கிஃப்டட் ப்ரோக்ராம். நம்ம பிள்ளை கெட்டிக்காரன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா ஸ்கூல் பாக்கறது எந்த டெஸ்ட், எந்த ஸ்கோர், எந்த தேதிக்குள்ள, இந்த மூணத்தான். அதனால ரூல்ஸ எழுத்துல கேட்டு வாங்குங்க. வாட்ஸப் குரூப்ல வர்றது போன வருஷத்து ரூலா இருக்கும், இல்லன்னா வேற ஏதோ ஸ்கூலோடதா இருக்கும்.

கேக்கும்போது இதையும் சேத்துக் கேளுங்க: க்ளாஸ்ல எல்லாருக்கும் ஸ்கிரீனிங் உண்டா, இல்ல டீச்சரோ நாமளோ பேர் குடுத்தாத்தானா? பேர் குடுக்கணும்னா சும்மா இருந்துடாதீங்க, வாய் தொறக்காம உக்காந்திருக்கற பிள்ளையும், சீக்கிரம் முடிச்சிட்டு சேட்டை பண்ற பிள்ளையும்தான் டீச்சர் கண்ணுல படாம போறது.

பேரன்ட் ஃபார்ம்ல "என் பொண்ணு ரொம்ப புத்திசாலி, எதையும் டக்குனு புரிஞ்சுக்குவா"ன்னு எழுதாதீங்க, எல்லாரும் அதத்தான் எழுதறாங்க. நடந்தத எழுதுங்க. உதாரணத்துக்கு, "ரெண்டு டைஸ் உருட்டி ஆடும்போது 7 மட்டும் ஏன் அடிக்கடி வருதுன்னு கேட்டா, நாங்க பதில் சொல்லல, அவளே நோட்ல 36 கட்டம் போட்டு ஒவ்வொண்ணுலயும் கூட்டி எழுதி, 7 ஆறு கட்டத்துல வருது, 12 ஒண்ணே ஒண்ணுலதான்னு கண்டுபிடிச்சா." முடிஞ்சா அந்த நோட்டுப் பக்கத்தயே ஜெராக்ஸ் எடுத்து வைங்க. இந்த மாதிரி ரெண்டு இருந்தாப் போதும், பத்து சர்டிஃபிகேட் வேணாம்.

இப்ப டெஸ்ட். க்ளாஸா உக்கார வச்சு எழுத வைக்கறதுல காக்அட் (CogAT), நாக்லியரி (Naglieri)ன்னு ரெண்டு தெறமை டெஸ்ட் நெறய எடத்துல இருக்கு. காக்அட்ல வெர்பல் (வார்த்தை), குவான்டிடேட்டிவ் (எண்), நான்வெர்பல் (படம், வடிவம்)னு மூணு பகுதி, நாக்லியரி முழுக்க படம், வடிவம்தான். சைக்காலஜிஸ்ட் ஒரு பிள்ளைய மட்டும் தனியா உக்கார வச்சு எடுக்கறது விஸ்க் (WISC) மாதிரி ஐக்யூ டெஸ்ட்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பாதிப் பேர் கொழம்பறது பர்சென்டைல்ல. 98 பர்சென்டைல்னா 98 மார்க் இல்லங்க, நூறு பிள்ளைங்கள வரிசையா நிறுத்துனா ஏறக்குறைய 98 பேருக்கு முன்னாடி நிக்குதுன்னு அர்த்தம். அதே 98 விஸ்க்ல ஏறக்குறைய 130, காக்அட்ல 132 கிட்ட வரும், ஏன்னா ரெண்டுலயும் சராசரி 100தான் ஆனா ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது ஸ்கோர் சராசரிலேருந்து எவ்வளவு பரவியிருக்குங்கற அளவு, விஸ்க்ல 15, காக்அட்ல 16. அதனால ஒரு டெஸ்ட்டோட நம்பர எடுத்து இன்னொரு டெஸ்ட்டோட கட்-ஆஃப்கிட்ட வச்சுப் பாக்காதீங்க.

அடுத்து, யாரோட ஒப்பிட்ருக்காங்கன்னு பாருங்க. காக்அட் ரிப்போர்ட்ல ஏஜ் ஸ்கோர் (அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டது), கிரேட் ஸ்கோர் (அதே க்ளாஸ் பிள்ளைங்களோட ஒப்பிட்டது)னு தனித்தனியா இருக்கும். க்ளாஸ்லயே சின்னப் பிள்ளைன்னா பொதுவா ஏஜ் பர்சென்டைல் கொஞ்சம் கூடுதலா, கிரேட் பர்சென்டைல் கம்மியா வரும். ஸ்கூல் எத எடுத்துக்குதுன்னு கேட்டே ஆகணும், சில எடத்துல அந்த ஒரு பதில்லயே உள்ளயா வெளியவான்னு தெரிஞ்சிடும்.

காக்அட் ரிப்போர்ட்ல 8A, 9Bன்னு ஒரு குறியீடும் இருக்கும், அத யாரும் கண்டுக்கறதில்ல. நம்பர் மொத்தத்துல எந்த லெவல்னு சொல்லும், 9தான் உச்சம். "A"ன்னா மூணு பகுதியும் ஒரே அளவுல இருக்கு, "B"ன்னா ஒண்ணு மட்டும் மேலயோ கீழயோ இருக்கு. "B"க்குப் பின்னாடி வெர்பல் மைனஸ்னு, அதாவது வெர்பல் மட்டும் கம்மின்னு இருந்து, வீட்ல பேசற பாஷை ஒண்ணு ஸ்கூல் பாஷை வேறன்னா, நான்வெர்பல் ஸ்கோர தனியா கணக்குல எடுப்பீங்களான்னு தாராளமா கேக்கலாம், தப்பே இல்ல.

கட்-ஆஃப்ல ஒண்ணு ரெண்டு பாயின்ட்ல போச்சுன்னா அப்பீல் பண்ணுங்க. 128க்கும் 130க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் டெஸ்ட்டோட பிழை அளவுக்குள்ளயே அடங்கிடும், ரிப்போர்ட்லயே கான்ஃபிடன்ஸ் ரேஞ்ச் (உண்மையான ஸ்கோர் எதுலேருந்து எதுவரைக்கும் இருக்கலாம்ங்கற வரம்பு) போட்ருப்பாங்க, அத அப்பீல் லெட்டர்ல எடுத்துக் காட்டுங்க, அழுது பொலம்பற மூணு பக்க லெட்டர்லாம் வேணாம். (1921ல டெர்மன்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கெட்டிக்காரப் பிள்ளைங்கள தேடி ஆரம்பிச்ச ஆராய்ச்சில, பின்னாடி இயற்பியல் விஞ்ஞானியான ஷாக்லி, அல்வாரெஸ் ரெண்டு பேரும் கட்-ஆஃப் தாண்டல, பின்னாடி ரெண்டு பேருமே நோபல் வாங்கினாங்க.) வெளில சைக்காலஜிஸ்ட்கிட்ட போறதா இருந்தா காசு கட்டறதுக்கு முன்னாடியே, ஸ்கூல் வெளி ரிப்போர்ட்ட ஏத்துக்குமா, எந்த டெஸ்ட் வேணும், எத்தன மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு மெயில்ல கேட்டு வச்சுக்கோங்க.

டிஸ்லெக்ஸியா (எழுத்து படிக்கறதுல சிரமம்), ஏடிஹெச்டி (கவனம் நிக்காத, துறுதுறுப்புப் பிரச்சனை) இருக்கற பிள்ளைங்களோட பேரன்ட்ஸ் இத கவனமா படிங்க. விஸ்க்ல வேகத்துக்கும் வொர்க்கிங் மெமரிக்கும் (கேட்டத மனசுல கொஞ்ச நேரம் வச்சு வேலை செய்யறது) தனி ஸ்கோர் இருக்கு, அது ரெண்டும் கொறஞ்சா மொத்த ஐக்யூவும் கீழ எறங்கிடும், யோசிக்கற தெறமை உச்சத்துல இருந்தாலும். அந்த ரெண்டையும் விட்டுட்டுப் போடற ஜிஏஐ (GAI)ன்னு ஒரு ஸ்கோர் உண்டு, சைக்காலஜிஸ்ட்கிட்ட அதயும் ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க.

கோச்சிங்? கேள்வி எப்படி இருக்கும்னு ஒரு சாம்பிள் காட்டறது சரி, மாசக்கணக்கா புக் வாங்கி உருப்போட வைக்கறது என்னைக் கேட்டா அநியாயம், உள்ள போனப்பறம் தெணறப் போறது பிள்ளைதான். காக்அட்ல நெகட்டிவ் மார்க் இல்ல, தெரியலன்னாலும் ஒண்ண குறிச்சிடுன்னு சொல்லி அனுப்புங்க. கண்ணாடி போடற பிள்ளைன்னா அது பைக்குள்ள இருக்கான்னு பாருங்க. காய்ச்சல்னா அன்னிக்கு அனுப்பாதீங்க, பொதுவா வேற நாள் வைப்பாங்க.

எடம் கெடச்சாலும் உடனே கையெழுத்து போட்றாதீங்க. வாரத்துல ஒரு மணி நேரம் வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதா, தனி க்ளாஸா, வெளிய போற நேரத்துல விட்ட பாடத்த யார் சொல்லிக் குடுப்பாங்க, ரெண்டு மடங்கு ஹோம்வொர்க் வருமான்னு கேளுங்க. கெடைக்கலன்னா கணக்குல மட்டும் மேல் க்ளாஸ்ல உக்கார விடுவீங்களான்னு கேளுங்க, சில ஸ்கூல்ல அதுக்கு ஐக்யூ டெஸ்ட்டெல்லாம் கேக்க மாட்டாங்க, அந்தப் பாடத்துல ஒரு பரீட்சை வச்சுப் பாத்துட்டு விட்ருவாங்க.